நெற்றி எலும்பும் பூஞ்சணமும்: ஒரு வரலாற்று நோக்கு

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை நாட்டை அலைக்கழித்துக் கொண்டிருந்த வேளையில், மக்கள் நாவில் புதியதொரு பெயர் புகுந்தது. 'கருப்புப் பூஞ்சை' என்பது அப்பெயர். கொரோனாவிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களுள் சிலருக்கு, சில நாட்களிலேயே கன்னம் மரத்தது, கண் வீங்கியது, மூக்கிலிருந்து கருநிறக் கசிவு வந்தது, பார்வை மங்கியது. கண்ணை அகற்றினால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவர்கள் சொல்ல நேர்ந்த குடும்பங்களின் துயரத்தை எழுத்தில் வடித்தல் இயலாது.

அந்நாட்களில் எமது சுரண்டைப் பகுதியிலும் அச்சம் வீடுவீடாகப் புகுந்தது. சந்தையில் வாங்கி வந்த உள்ளியின் மேல்தோலில் காணும் கரும்பொடியே அந்தப் பூஞ்சை என்றொரு வதந்தி நாடெங்கும் பரவியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு இடுக்கில் படியும் கருமையும் அதுவே என்றார்கள். உள்ளியைத் தோலோடு தூர எறிந்தவர்கள் உண்டு. உள்ளியின் மேல் படிவது வேறு இனம். மனிதனின் மூக்கிலும் நெற்றியிலும் புகுந்து எலும்பைத் தின்றது வேறு இனம். மேலும், அந்தப் பூஞ்சை கருப்பானதும் அன்று. அதனை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் நிறமற்ற நாடா போலத்தான் தெரியும். அது தொட்ட சதை இரத்தம் இன்றிச் செத்துக் கறுப்பதால் வந்த பெயரே கருப்புப் பூஞ்சை.

நிறத்தைப் பற்றிய பிழையைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. இந்நோய் அன்றுதான் உலகில் தோன்றியது என்று பலரும் எண்ணினர். பூஞ்சணம் மனிதனின் எலும்பைத் தின்னும் என்ற உண்மையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் நமது தமிழகம் முதன்மையானது. அந்த வரலாற்றையும், அது நமக்குச் சொல்லும் பாடத்தையும் ஈண்டு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

நெற்றியின் ஜேபி

இரு புருவங்களுக்கும் மேலே, நெற்றி எலும்பின் உள்ளே, காற்று நிறைந்த இரு குழிவுகள் உள்ளன. இவற்றையே 'சைனஸ்' என்கிறோம். கன்னத்தில் இரண்டு, கண்களுக்கு நடுவே சிறுசிறு அறைகள், மண்டையின் ஆழத்தில் இரண்டு என இக்குழிவுகள் முகம் முழுதும் பரவியிருக்கின்றன. நெற்றிக் குழிவுகள் பிறந்த குழந்தைக்கு இல்லை. பால்ய வயதில் மெல்ல உருவாகி, பருவம் எய்திய பின்னரே முழு அளவை அடைகின்றன. சிலருக்கு ஒருபுறம் பெரிதாகவும் மறுபுறம் சிறிதாகவும் இருக்கும். சிலருக்கு உருவாகாமலே போவதும் உண்டு.

'சைனஸ்' என்ற சொல்லின் பயணம் சுவையானது. ஆரியபட்டர் முதலான இந்தியக் கணித அறிஞர்கள் வட்டத்தின் நாணைக் குறிக்க 'ஜ்யா', 'ஜீவா' என்ற சொற்களை ஆண்டனர். அரபு அறிஞர்கள் அக்கணிதத்தைக் கற்றபோது அச்சொல்லை ஒலிபெயர்த்து 'ஜீபா' என எழுதினர். உயிர்க்குறிகள் இன்றி 'ஜீம்', 'பா' என்ற எழுத்துக்களோடு அது நின்றமையால், பின்வந்தோர் அதனை 'ஜைப்' என்று வாசித்தனர். ஜைப் என்றால் அரபியில் ஆடையின் கழுத்துத் திறப்பு, மடிப்பு, பை என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், மடிப்பையும் குழிவையும் குறிக்கும் 'சைனஸ்' என்ற தங்கள் சொல்லை அதற்கு ஈடாக வைத்தனர். உடற்கூற்று அறிஞர்கள் எலும்பின் குழிவுக்கும் அதே லத்தீன் சொல்லை வழங்கினர். இன்றைய அரபு மருத்துவத்தில் இக்குழிவுகளுக்கு 'அல்ஜுயூபுல் அன்ஃபிய்யா', அதாவது 'மூக்கின் பைகள்' என்றே பெயர். நாம் சட்டையில் வைத்திருக்கும் 'ஜேபி'யும் அந்த ஜைப் என்ற சொல்லின் வழித்தோன்றலே. ஆகவே நெற்றிக் குழிவை 'நெற்றியின் ஜேபி' என்று நாம் அழைத்தால் அது வெறும் உவமையாகாது.

இந்த ஜேபியின் முன்சுவர் தடித்தது; பின்சுவரோ மெல்லியது. பின்சுவருக்கு அப்பால் மூளையைப் போர்த்திய சவ்வு இருக்கிறது. குழிவின் உட்தோலிலிருந்து எலும்பை ஊடுருவி மூளைச் சவ்வு வரை செல்லும் நுண்ணிய நாளங்கள் உண்டு. அவற்றுக்கு வால்வுகள் இல்லை. இரத்தம் எத்திசையிலும் செல்லலாம். நெற்றி எலும்பும் ஒரே கல்லைப் போன்றதன்று. இரு தகடுகளுக்கு நடுவே மச்சை நிறைந்த பஞ்சு போன்ற ஓர் அடுக்கு அதில் உள்ளது. எனவே நெற்றிக் குழிவில் தங்கிய நோய் வெளியே நெற்றியை வீங்கச் செய்வதும், உள்ளே மூளையைத் தீண்டுவதும் ஒரே சமயத்தில் நிகழக்கூடும். லண்டன் மாநகரின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் என்பார், நெற்றியில் மெத்தென்று எழும் அத்தகைய வீக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் விவரித்து எழுதினார். அவ்வீக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஏட்டறிவும் கண்ணறிவும்

மூக்கில் வழியும் நீர் மூளையிலிருந்து இறங்குகிறது என்பது கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் காலத்திலிருந்து நிலவி வந்த கொள்கை. நமது ஹகீம்கள் வழங்கும் 'நஸ்லா' என்ற சொல்லுக்கே 'இறங்குதல்' என்பதுதான் பொருள். பேரறிஞர் இப்னு ஸீனா (980-1037) தமது அல்கானூன் என்னும் பெருநூலின் மூன்றாம் பாகத்தில், தலை தொடங்கிப் பாதம் ஈறாக ஒவ்வோர் உறுப்பின் நோயையும் நிரல்பட ஆராய்ந்தார். நஸ்லாவும் ஸுகாமும் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன. சித்த மருத்துவ நூல்கள் 'பீனிசம்' என்று வகுப்பதும் மூக்கையும் தலையையும் பற்றிய இந்நோய்க் கூட்டத்தையே. ரோஜா மலரும் காலத்தில் மட்டும் ஒருவருக்கு ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று வினவி அர்ராஸீ (இறப்பு 925) தனியொரு சிறுநூலே இயற்றியிருக்கிறார். எனினும், இவர்கள் எவருக்கும் பூஞ்சணமே நோய்க்குக் காரணமாகலாம் என்பது தெரிய வழியில்லை. கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டும் கருவி அன்று தோன்றியிருக்கவில்லை.

கருவி இல்லாத காலத்திலும், ஏட்டை மட்டும் நம்பாமல் எலும்பைக் கண்ணால் பார்க்கத் துணிந்தவர் ஒருவர் இருந்தார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162-1231) என்னும் அவர், எகிப்தைக் கொடும்பஞ்சம் தாக்கிய 1200ஆம் ஆண்டை ஒட்டி அங்கே இருந்தார். மாண்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்துக்கு மாணவர்களோடு சென்று மண்டையோடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலினூஸ் எழுதியிருந்தார்; அதுவே ஆயிரம் ஆண்டுகளாகப் பாடமாகவும் இருந்தது. அப்துல் லத்தீஃப் பார்த்த தாடைகளிலோ இணைப்பு ஏதும் இல்லை. தாடை ஒரே எலும்பு என்று அவர் எழுதினார். ஜாலினூஸின் மேதைமையைப் போற்றிக்கொண்டே, புலன்களின் சாட்சியம் அவரது கூற்றினும் வலியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். மருத்துவ வரலாற்றில் இஃது ஒரு மைல்கல்.

அதற்குப் பின் 1489இல் லியனார்டோ டா வின்சி மண்டையோட்டை அறுத்து, நெற்றிக் குழிவையும் கன்னக் குழிவையும் ஓவியமாகத் தீட்டினார். 1660ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் என்பார், சளி மூளையிலிருந்து இறங்குவதன்று, மூக்கின் உட்தோலிலேயே ஊறுவது என்று நிறுவினார். இவ்வாறு குழிவின் அமைப்பு விளங்கிற்று. நீரின் பிறப்பிடம் விளங்கிற்று. அக்குழிவில் பூஞ்சணம் குடியேறும் என்பது மட்டும் விளங்காமல் இருந்தது. அதற்கான முதல் வெளிச்சம் தோன்றியது தலையில் அன்று, காலில்.

மதுரையின் பெயர் தாங்கிய நோய்

1842ஆம் ஆண்டு மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்னும் ஆங்கில மருத்துவர், தம்மிடம் வந்த குடியானவர்களின் கால்களில் ஒரு விந்தை நோயைக் கண்டு பதிவு செய்தார். பாதம் கல் போல் வீங்கும். அதில் பல துளைகள் தோன்றும். துளைகளின் வழியே சீழோடு சிறுசிறு மணிகள் வெளிவரும். வலி பெரிதாக இராது. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுத் தேன்கூடு போல் ஆகிவிடும். அதே மதுரையில் பணியாற்றிய கோல்புரூக் என்பார் 1846இல் இந்நோயை மீண்டும் எழுதினார். 'மதுரைக் கால்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. வெறுங்காலுடன் முள்ளிலும் வரப்பிலும் நடந்து உழைத்தவர்களின் நோய் அது. முள் குத்திய புண்ணின் வழியே மண்ணிலுள்ள நுண்ணுயிர் உட்புகுவதே அதன் தொடக்கம்.

அம்மணிகள் யாவை என்ற வினாவுக்கு விடை தந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் (1831-1897). இவரது வரலாறு நமது பொருளோடு வியப்புக்குரிய வகையில் பிணைந்துள்ளது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் வெளிவந்தது. அந்நூலின் படங்களை வரைந்தவர் இந்தக் கார்ட்டரே. நெற்றி எலும்பையும் அதன் குழிவையும் ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கண்முன் நிறுத்தியது அவரது எழுதுகோல். புத்தகம் கிரேயின் பெயரால் வழங்கிற்று. வரைந்தவரோ அது வெளிவந்த ஆண்டிலேயே பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றைப் போதிக்கலானார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது மதுரைக் கால். வெட்டி அகற்றப்பட்ட பாதங்களை அவர் அறுத்து, எலும்பின் குழிவுகளில் நிறைந்திருந்த கருமணிகளை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அவை பூஞ்சண இழைகளின் பின்னல்கள் என்று கண்டார். 1860ஐ ஒட்டி அந்நோய்க்கு 'மைசெட்டோமா', அதாவது பூஞ்சைக் கட்டி என்று பெயரிட்டார். 1874இல் அதைப் பற்றித் தனி நூலும் எழுதினார். மனித எலும்பின் ஒழுங்கான வடிவை வரைந்த கையே, அவ்வெலும்பைப் பூஞ்சணம் அரிக்கும் கோலத்தையும் வரைந்தது. பின்னாளில் அப்பூஞ்சணத்தின் இனத்துக்கு 'மதுரெல்லா' என்று அறிவியல் பெயர் அமைந்தது. மதுரைக் காலுக்குக் காரணமானவற்றுள் பூஞ்சணங்கள் ஒரு பகுதியே என்பதும், பாக்டீரியாக்கள் சிலவும் அதே நோயை உண்டாக்கும் என்பதும் பிறகு தெளிவாயின. அத்தகைய பாக்டீரியா ஒன்றின் பெயரிலும் மதுரை இடம்பெற்றிருக்கிறது. அரிதாக இந்நோய் தலையிலும் தோன்றி மண்டையோட்டை அரிப்பதுண்டு.

நீல நதியும் சிற்றாறும்

மதுரைக் காலுக்கு உலகில் மற்றொரு தாயகம் அரபு மொழி வழங்கும் சூடான் தேசம். அங்கே கார்த்தூம் நகர மருத்துவர்கள் 1960களின் இறுதியிலிருந்து வேறொன்றையும் எழுதி வந்தனர். சர்க்கரை நோயோ வேறு பலவீனமோ இல்லாத கிராமத்து மக்களுக்கு, மூக்கின் குழிவுகளில் 'அஸ்பெர்ஜிலஸ்' என்னும் பூஞ்சணம் மெல்ல மெல்லக் கட்டியாக வளர்கிறது. வலியில்லாமல் கண் முன்னே பிதுங்குகிறது. எலும்பை அழுத்தி, அரித்து, மண்டையின் அடித்தளத்தை எட்டுகிறது. மாதங்களும் ஆண்டுகளும் கடந்தே நோயாளி மருத்துவரிடம் வருகிறார். இந்தியாவிலும் இவ்வகை நோய் பல இடங்களில் காணப்பட்டிருக்கிறது. வெப்பமும் புழுதியும் பயிர்த்தொழிலும் கூடிய நிலங்களின் நோய் இது எனலாம்.

தென்காசிக்குக் கிழக்கேயுள்ள நமது சுரண்டை அத்தகைய நிலத்தில் அமைந்த ஊர். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் சிற்றாற்றுப் படுகை குளிர்ந்து, ஈரச்சுவரிலும் செருப்பிலும் பூஞ்சணம் பூக்கிறது. கோடையில் களத்துப் புழுதியும் வைக்கோல் தூசும் காற்றில் ஏறுகின்றன. இரு காலங்களிலும் பூஞ்சண வித்துக்கள் நமது சுவாசத்தோடு உட்செல்லவே செய்கின்றன. இதனைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. காளானைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஃபுத்ர்' என்பது. பிளத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு எழுவதால் அப்பெயர். உதிர்ந்த இலையையும் மாண்ட மரத்தையும் மட்கச் செய்து மீண்டும் மண்ணாக்குவது அதன் வேலை. அது நமது பகையன்று. நலமுள்ள உடல் அதன் வித்துக்களை ஒவ்வொரு நாளும் உள்வாங்கி, ஒவ்வொரு நாளும் அழித்துவிடுகிறது. உடலின் காவல் தளரும்போதுதான் செத்த மரத்தில் செய்ய வேண்டிய வேலையை அது உயிருள்ள உடலில் செய்யத் தொடங்குகிறது.

தென் மாவட்டங்களில் குளத்து நீரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் 'மூக்குச் சதை' நோய் ஒன்றுண்டு. இரத்தம் கசியும் சிவந்த சதை மூக்கில் வளரும் இந்நோயின் கிருமியை 1923 முதல் அறிஞர்கள் பூஞ்சணம் என்றே கொண்டிருந்தனர். 1990களின் இறுதியில் மரபணுவை ஆராய்ந்தபோது, அது பூஞ்சணமே அன்று, நீரில் வாழும் வேறொரு நுண்ணுயிர் என்பது புலனாயிற்று. மூக்கில் வளர்வன எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று. சோதித்துப் பார்க்காமல் பெயரிடுதல் ஆகாது.

காவல் தளர்ந்த கோட்டை

இனி, 2021இல் நம்மை வாட்டிய நோய்க்கு வருவோம். அதன் பெயர் மியூகோர்மைகோசிஸ். பழைய ரொட்டியின் மேலும், அழுகும் பழத்தின் மேலும், மட்கும் குப்பையிலும் வளரும் பூஞ்சண இனங்களே அதற்குக் காரணம். ஆஸ்திரிய மருத்துவர் பால்டௌஃப் 1885இலேயே மனித உடலில் அதனைக் கண்டு விவரித்தார். மூக்கில் தொடங்கிக் கண்ணையும் மூளையையும் தாக்கும் அதன் வடிவம், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் காணப்படுகிறது என்பதை 1943இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று நோயாளிகளை வைத்து எழுதினர். அன்று மருந்து இல்லை. வந்தால் மரணம் என்ற நிலை. 1950களில் வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் எடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 'ஆம்ஃபோடெரிசின்' என்னும் மருந்து பிறந்தது. மண்ணில் பிறந்த நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்தும் வந்தது.

இப்பூஞ்சணம் இவ்வளவு விரைந்து கொல்வது ஏன்? அது இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கிறது. குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுகிறது. இரத்தம் செல்லாத சதையும் எலும்பும் மாள்கின்றன. மாண்ட இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. ஏனெனில் மருந்தைச் சுமந்து செல்வதும் அந்த இரத்தமே. எனவேதான் மருந்து மட்டும் போதுவதில்லை. செத்த பகுதியை அறுத்து அகற்றியே தீரவேண்டும். சர்க்கரை எல்லை மீறி இரத்தம் புளிப்பேறும் நிலையில், உடல் கட்டி வைத்திருக்கும் இரும்புச் சத்து அவிழ்ந்து விடுகிறது. இப்பூஞ்சணத்துக்கு அந்த இரும்பு நல்ல உணவு. அதே வேளையில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சர்க்கரை மிகுதியால் சோர்ந்து நிற்கின்றன. கோட்டையில் காவலர் உறங்க, களஞ்சியமும் திறந்து கிடந்தால் பகைவனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தியாவில் இந்நோய் பெருகி வருகிறது என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராசிரியர் அருணலோக் சக்கரவர்த்தியும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டுக்குப் பின் தொடர்ந்து எழுதி வந்தனர். கட்டுப்படாத சர்க்கரை நோயே முதற்காரணம் என்றும் அவர்கள் சுட்டினர். ஆகவே 2021இன் பேரிடர் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. அறிவித்தவர்களின் குரல் மருத்துவ ஏடுகளுக்குள் நின்றுவிட்டது.

கொரோனாக் காலத்தில் நடந்தது யாது? 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வொன்று, 'டெக்ஸாமெதசோன்' என்னும் ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று நிறுவியது. அந்த ஆய்வில் அளவும் வரம்பும் தெளிவாக இருந்தன. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். மிகுந்தால் 10 நாட்கள். பிராணவாயு தேவைப்படும் நோயாளிக்கு மட்டும். பிராணவாயு தேவைப்படாதவர்க்கு அதனால் பயன் ஏதும் காணப்படவில்லை. நம் நாட்டிலோ இரண்டாம் அலையின் பீதியில் அளவு மறந்தது, வரம்பும் மறந்தது. சாதாரணக் காய்ச்சலோடு வீட்டிலிருந்தவர்களும், தெரிந்தவர் கொடுத்த சீட்டைக் காட்டி அம்மாத்திரையை வாங்கி விழுங்கினர். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். உடலின் எதிர்ப்பைத் தாழ்த்தும். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதையே அறியாதிருந்தவர்கள் எத்தனையோ பேர்.

2021 மே மாதத்தில் மத்திய அரசு இந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழகமும் அவ்வாறே செய்தது. ஆம்ஃபோடெரிசின் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சர் அளித்த கணக்கின்படி நாட்டில் நோயுற்றோர் 40,845 பேர். அவர்களுள் 31,344 பேருக்கு மூக்கையும் மூளையையும் சார்ந்த வகை. உயிரிழந்தோர் 3,129 பேர். நோயுற்றோருள் 26,187 பேர் சர்க்கரை நோயாளிகள். 21,523 பேர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள். இவ்விரு எண்களையும் ஒரு முறைக்கு இருமுறை வாசிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். பூஞ்சணம் எங்கும் எப்போதும் இருந்தது. கதவைத் திறந்துவிட்டவை இவ்விரண்டுமே.

பிந்தி வந்த வீக்கம்

இந்நோயில் பெரும்பாலும் தாக்குண்டவை கன்னமும் அண்ணமும் கண்ணும். நெற்றி எலும்பு தாக்குண்டது சிலருக்கே. அந்தச் சிலரின் கதை மருத்துவர்களுக்கும் புதிய பாடமாயிற்று. முதல் சிகிச்சை முடிந்து, நலமடைந்தோம் என்று வீடு திரும்பிச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் இவர்களுக்கு நெற்றியில் மெத்தென்ற வீக்கம் எழுந்தது. சிலருக்குப் புருவத்தின் மேல் துளை விழுந்து சீழ் கசிந்தது. பெர்சிவல் பாட் விவரித்த அதே வீக்கம். ஆனால் இங்கே எலும்பின் நடு அடுக்கில் பதுங்கியிருந்தது பூஞ்சணம். காய்ச்சலில்லை, கடும் வலியில்லை. ஆகையால் அதனைச் சாதாரணக் கட்டி என்று எண்ணிக் காலம் கடத்தியோரும் இருந்தனர்.

இவர்களுக்கு மருத்துவம் நீண்டது. ஸ்கேன் எடுத்து எலும்பு எதுவரை மாண்டிருக்கிறது என்று காணவேண்டும். செத்த எலும்பை எடுத்துவிட வேண்டும். சிலருக்கு நெற்றியின் பெரும்பகுதியே போய்விடும். ஆம்ஃபோடெரிசினைத் தொடர்ந்து, வாய்வழி உட்கொள்ளும் 'போசகோனசோல்' போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் முற்றிலும் அகன்றது என்று உறுதியான பின்னரே, குழிந்த நெற்றியை டைட்டானியம் வலை கொண்டோ வேறு பொருள் கொண்டோ நிரப்ப முடியும். அதுவரை அம்மனிதர் தலையில் துண்டைக் கட்டி நெற்றியை மறைத்துக்கொண்டே நடமாடுவார். அந்தக் கூச்சத்தைப் போக்குவது சுற்றத்தாரின் கடமை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று. அவரோடு அமர்ந்து உண்ணலாம். அவர் கையைப் பற்றி முகமன் கூறலாம்.

நோயைக் கண்டறியும் முறை கடினமானதன்று. மூக்கினுள் சிறு குழாய்க் கருவியைச் செலுத்தி, ஐயத்துக்கிடமான இடத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரநீரில் இட்டு நுண்பெருக்கியில் வைத்தால் பூஞ்சண இழை தெரிந்துவிடும். அகன்ற நாடா போன்ற இழை, செங்கோணத்தில் கிளை விட்டால் அது மியூகோர் குடும்பம். மெல்லிய இழை, கணுக்களோடு கூர்ங்கோணத்தில் பிரிந்தால் அது அஸ்பெர்ஜிலஸ் போன்ற வேறு இனம். 1860இல் பம்பாயில் கார்ட்டர் செய்ததும் அடிப்படையில் இதுவே. ஐயம் தோன்றிய அன்றே யாரேனும் பார்க்க வேண்டும்; அவ்வளவுதான்.

நாம் கொள்ள வேண்டுவன

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், மனித குலத்துக்கு இடர் விளைக்கும் 19 பூஞ்சண வகைகளை முதன்முறையாகப் பட்டியலிட்டது. அதில் இரண்டாம் நிலையான 'உயர்' பிரிவில், மதுரைக் காலை உண்டாக்கும் பூஞ்சணங்களும் மியூகோர் குடும்பமும் ஒருசேர இடம்பெற்றுள்ளன. 1842இல் மதுரையின் ஏழைக் குடியானவன் நீட்டிய காலும், 2021இல் திருநெல்வேலி ஐகிரவுண்டு மருத்துவமனை போன்ற இடங்களை நாடி ஓடிய சர்க்கரை நோயாளியின் நெற்றியும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று அது கணித்தது. அவர்களுள் நமது ஊர்களில் பீடி சுற்றும் பெண்களும், தறியில் அமரும் பெரியோரும், சந்தையில் மூட்டை தூக்கும் உழைப்பாளிகளும் அடங்குவர். கொரோனாவின் கொடுமை தணிந்துவிட்டது. இந்நோயும் முன்போல் அரிதாகிவிட்டது. எனினும் கட்டுப்படாத சர்க்கரை இருக்கும்வரை பூஞ்சணத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் உடனே சுகம் தருகிறதென்று, மருத்துவர் சொல்லாமலே ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கமும் நம்மிடையே ஒழியவில்லை.

எனவே சர்க்கரை நோயுள்ளவர்க்கும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்க்கும் முகத்தின் ஒரு பக்கம் மரத்தாலோ, ஒரு மூக்கு மட்டும் அடைத்துக் கருநிறக் கசிவு வந்தாலோ, பல் காரணமின்றி ஆடினாலோ, கண் வீங்கிப் பார்வை இரட்டித்தாலோ, நெற்றியில் மெத்தென்று வீக்கம் எழுந்தாலோ அன்றைய தினமே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆவி பிடித்துப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை கழியட்டும், திருமணம் முடியட்டும் என்று ஒத்திப்போடும் நாட்களில்தான் கண்ணும் எலும்பும் உயிரும் போகின்றன. கொடுக்கப்பட்ட மருந்தை நடுவில் நிறுத்தலாகாது. சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றபின் நெற்றி வீங்கினாலும், பழைய சீட்டோடு மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். வீட்டில் நாற்பது கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கொரு முறையேனும் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கேட்பதில்லை.